பழைய செவியும் அரை நொடித் திணறலும்

இடது பக்கம் திரும்பக் காத்து நிற்கிறீர்கள். அமெரிக்காவில் சாலையின் வலப்பக்கம் ஓட்டுவதால், இடது திருப்பம்தான் எதிர்வரிசையை வெட்டிக்கொண்டு போக வேண்டியது. ஒரு வண்டி கடக்கிறது, அடுத்தது தூரத்தில் வருகிறது, நடுவில் தாராளமாக இடம் இருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்கிறீர்கள். எஞ்சின் சத்தம் ஏறுவதற்குப் பதில் இறங்குகிறது. பானெட்டுக்கு அடியிலிருந்து ‘பொஃப்’ என்று ஒரு சத்தம். அதற்கப்புறம்தான் வண்டிக்கு நினைவு வந்து, தூக்கி அடித்துக்கொண்டு கிளம்புகிறது. எல்லாம் அரை நொடி சமாசாரம். ஆனால் அந்த அரை நொடியில் நீங்கள் பாதி சாலையில் குறுக்கே நிற்கிறீர்கள், எதிரே வருகிறவர் ஹார்னை அழுத்த ஆரம்பித்துவிட்டார்.

என்னிடம் இருப்பது 1978 செவர்லே சி10. செவர்லேயை இங்கே சுருக்கமாகச் ‘செவி’ என்பார்கள். இங்கே டெட்ராய்ட் பக்கம் ட்ரக் என்றால் பிக்கப்தான், நம்மூர் லாரியை நினைத்துக்கொள்ள வேண்டாம். 1973 முதல் 1987 வரை வந்த இந்தத் தலைமுறையை ‘ஸ்கொயர்பாடி’ என்பார்கள். மூலை முடுக்கெல்லாம் சதுரம். உள்ளே 350 கன அங்குல வி8, அதாவது 5.7 லிட்டர். நாள் முழுக்க அலுவலகத்தில் மின்சார வண்டிகளுக்கு மென்பொருள் எழுதுகிறவனுக்கு, சனிக்கிழமை காலையில் கையெல்லாம் பெட்ரோல் வாசத்தோடு இருப்பதில் ஒரு அலாதி சுகம் உண்டு. வீட்டில் வேறு கருத்து உண்டு, அதை இங்கே எழுத அனுமதியில்லை.

இந்த எஞ்சினோடு அன்றைக்கு வந்தது ராசெஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டர், காற்றில் பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கருவி. நான்கு துளை. முன்னால் இருக்கும் இரண்டும் சின்னவை, பின்னால் இருக்கும் இரண்டும் பெரியவை. சாதாரணமாக ஓட்டும்போது சின்னத் துளைகள் மட்டும் சிக்கனமாக வேலை செய்யும், அழுத்தி மிதித்தால் பெரியவை வாயைத் திறக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் உள்ளே சமாசாரம் அதிகம், புரியாதவர்கள் அதை ‘குவாட்ராஜங்க்’ என்று திட்டிவிட்டுக் கழற்றி எறிந்துவிடுவார்கள். என் வண்டியை முன்பு வைத்திருந்த யாரோ ஒருவரும் அதைத்தான் செய்திருக்கிறார். அதற்குப் பதில் எடெல்பிராக் 1406 உட்கார்ந்திருக்கிறது. நிமிடத்துக்கு 600 கன அடி காற்று போகும் அளவு, எலெக்ட்ரிக் சோக் (எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது காற்றைக் குறைக்கும் மூடி). இதன் பூர்வீகம் கார்ட்டர் நிறுவனம் 1957-இல் கொண்டுவந்த ஏஎஃப்பி கார்புரேட்டர். ஏறக்குறைய எழுபது வருடப் பழைய டிசைன், இன்றைக்கும் புதிதாக டப்பாவில் போட்டு விற்கிறார்கள்.

மிதித்தால் ஏன் திணறுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஐடிலிங்கில், அதாவது மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடுகள் கிட்டத்தட்ட மூடியிருக்கும். கீழே மேனிஃபோல்டில், அதாவது கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் குழாய்களில், எஞ்சின் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் அங்கே வேக்கம் (வெற்றிட இழுப்பு) பலமாக இருக்கும், 18 பாதரச அங்குலம் வரை. அந்த வேக்கத்தில் பெட்ரோல் சுலபமாக ஆவியாகும். இப்போது திடீரென்று மிதிக்கிறோம். தகடு திறக்கிறது, காற்று ஒரே பாய்ச்சலில் உள்ளே போகிறது, வேக்கம் சடாரென்று விழுந்து பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. பெட்ரோல் காற்றைவிட ஏறத்தாழ 600 மடங்கு அடர்த்தியானது, அது அதே வேகத்தில் கிளம்பாது. போதாததற்கு, வேக்கம் போனதால் ஆவியாக இருந்த பெட்ரோலில் ஒரு பங்கு மேனிஃபோல்டின் சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். மெயின் ஜெட் என்ற பெட்ரோல் துவாரத்தின் வழியாக வரவேண்டிய பெட்ரோல் வருவதற்கு, வென்டூரி என்ற குறுகிய கழுத்தில் காற்று வேகம் எடுக்க வேண்டும். அதற்கும் ஒரு கணம் பிடிக்கும். ஆக, காற்று வந்து சேர்ந்துவிட்டது, பெட்ரோல் இன்னும் வழியில் இருக்கிறது. சிலிண்டருக்குள் கலவை லீன், அதாவது பெட்ரோல் குறைவாக, ஆகிவிடுகிறது. எரிந்தும் எரியாமலும் இழுத்துக்கொண்டே போய், இன்லெட் வால்வு திறக்கும்போதும் உள்ளே தீ மிச்சம் இருந்தால் அதுதான் மேலே ‘பொஃப்’ என்று வருகிறது.

இந்த ஒரு கணத்தை நிரப்புவதற்காகவே கார்புரேட்டருக்குள் ஆக்சிலரேட்டர் பம்ப் என்று ஒன்று இருக்கிறது. மிதித்தவுடன், காற்றோட்டத்துக்கெல்லாம் காத்திராமல், நேராக ஒரு பீச்சு பெட்ரோலைத் துளைக்குள் அடிக்கும். அதனால் மிதித்தால் திணறுகிறது என்று இணையத்தில் தேடினால், முதல் பதிலே பம்பை மாற்று என்பதாகத்தான் இருக்கும். இரண்டாவது பதில் ஜெட்டைப் பெரிதாக்கு. மூன்றாவது பதில் கார்புரேட்டரையே மாற்று.

நான் சித்தப்பாவைக் கூப்பிட்டேன். கோவையில் ரொம்ப வருடம் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர். அம்பாசடரும் ஜீப்புமாகப் பார்த்துப் பழகிய கை. வி8 எஞ்சினை வாழ்க்கையில் தொட்டதில்லை, அது அவருக்கு ஒரு பொருட்டாகவும் இல்லை.

“எப்பத் திணறுது?”

“மிதிக்கும்போதுதான் சித்தப்பா.”

“அது தெரியுது கண்ணு. மிதிச்ச அந்த நிமிசமேவா, நகந்ததுக்கு அப்பறமா? மேட்டுல ஏறறப்பவா? காலைல சில்லுன்னு இருக்கறப்பவா, ஓடிச் சூடானதுக்கு அப்பறமா?”

“மிதிச்ச உடனே. சூடானதுக்கு அப்பறமும்தான்.”

“தும்முதா, பொகை விடுதா?”

“தும்முது.”

“மேலயா, சைலன்சர்லயா?”

“மேல. ஏர் ஃபில்டர் பக்கம்.”

“அப்ப அதுக்குப் பசி. கரும்பொகை வந்துச்சுன்னா அஜீரணம். சரி, கார்புரேட்டர இப்பத் தொடாத. மொதல்ல டெல்கோவப் பாரு, அப்பறம் எங்கியாவது காத்து இழுக்குதான்னு பாரு.”

தீப்பொறி மின்சாரத்தை ஒவ்வொரு சிலிண்டருக்கும் நேரம் பார்த்துப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை அவர் எப்போதும் டெல்கோ என்றுதான் சொல்வார். போனை வைத்த பிறகு யோசித்துப் பார்த்தால், அவர் கேட்ட கேள்விகளிலேயே முழுப் பரிசோதனையும் இருக்கிறது. மிதித்த கணமே திணறினால் பம்ப், டைமிங் (தீப்பொறி விழும் நேரம்), காற்றுக் கசிவு என்று மூன்று சந்தேகங்கள். மெல்ல மிதித்து இருபது முப்பது மைல் வேகத்தில் போகும்போது இழுத்து இழுத்து விட்டால் ஐடில் சர்க்யூட்டிலிருந்து மெயின் சர்க்யூட்டுக்கு மாறும் இடத்தில் குறை. பாரத்தோடு மேடு ஏறும்போது மட்டும் படுத்தால் கூடுதல் பெட்ரோல் கொடுக்கும் பவர் சர்க்யூட். ரொம்ப தூரம் விரட்டிய பிறகு அடைத்தால் கார்புரேட்டருக்கு வந்து சேரும் பெட்ரோலே குறைவு, ஃபில்டரையும் பம்ப்பையும் பார்க்க வேண்டும். குளிரில் மட்டும் என்றால் சோக். ‘எப்போது’ என்ற கேள்விக்குச் சரியான பதில் இல்லாமல் திருப்புளியைக் கையில் எடுத்தால், ஐந்து சர்க்யூட்டையும் குழப்பிவிட்டு உட்கார வேண்டியதுதான்.

டைமிங்கில் ஆரம்பித்தேன். 1975 முதல் செவர்லேயின் தாய் நிறுவனமான ஜிஎம் வண்டிகளில் ஹெச்இஐ என்ற எலெக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர், அதனால் பாயிண்ட் இடைவெளி பார்க்கும் வேலை இல்லை. வேக்கத்தை வைத்துத் தீப்பொறியை முன்னால் தள்ளும் வேக்கம் அட்வான்ஸின் ஹோஸைக் கழற்றி, அதன் வாயை அடைத்துவிட்டு, டைமிங் லைட்டைப் பிடித்தால், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு வெறும் 2 டிகிரி முன்னால் தீப்பொறி. இந்த எஞ்சினுக்கு ஐடிலிங்கில் 8 முதல் 12 டிகிரி வரை வைப்பது வழக்கம். ரோட்டரின் இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றிப் பார்த்தால், அடியில் இருக்கும் மெக்கானிக்கல் அட்வான்ஸ் எடைகள் பழைய கிரீஸ் இறுகி, நகர மனமில்லாமல் இருந்தன. வேகம் கூடும்போது இந்த எடைகள் வெளியே விரிந்து தீப்பொறியை முன்னால் தள்ள வேண்டும். அவை சோம்பேறித்தனம் பண்ணினால் மிதித்தவுடன் எஞ்சினுக்குத் தெம்பு வராது, பழி கார்புரேட்டர் மேல் விழும். துடைத்து, துளி எண்ணெய் விட்டு, ஸ்பிரிங்கை மாற்றினேன். வேக்கம் அட்வான்ஸ் டப்பாவின் ஹோஸை வாயில் வைத்து உறிஞ்சி நாக்கால் அடைத்தால் நாக்கைப் பிடித்துக்கொண்டது. டயஃப்ரம் கிழியவில்லை என்று அர்த்தம். அப்புறம் ஐடிலிங்கில் 10 டிகிரி, வேகத்தில் எல்லாம் சேர்ந்து 34 என்று நிறுத்தினேன். சிறிய செவி வி8-க்கு 34 முதல் 36 வரை என்பது எல்லோரும் ஒத்துக்கொள்ளும் கணக்கு. அந்தப் பக்கம் கை போனபோதே ஒன்று: இந்த எஞ்சினில் 5-உம் 7-உம் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள், தீப்பொறியும் அடுத்தடுத்து. இரண்டு வயரையும் ஒட்டிப் படுக்க வைத்தால் ஒன்றின் மின்சாரம் அடுத்ததில் தூண்டப்பட்டு நேரம் கெட்ட நேரத்தில் பற்றவைக்கும். பிரித்துப் போடுங்கள்.

அடுத்தது காற்று. குவாட்ராஜெட்டுக்காகச் செய்த மேனிஃபோல்டின் மேல்முகத்தில் முன்துளைகள் சிறிது, பின்துளைகள் பெரிது. 1406-இன் அடியில் நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு. இரண்டும் நேராகப் பொருந்தாது. நடுவில் ஒரு அடாப்டர் தகடு வேண்டும், தகட்டுக்கு மேலும் கீழும் ஒவ்வொரு பேக்கிங். அந்தத் தகட்டின் விளிம்பில் சில இடங்களில் பேக்கிங் உட்காருவதற்கு விரல் அகலம்கூட இருக்காது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது கார்ப் கிளீனரின் மெல்லிய குழாயால் அடாப்டரைச் சுற்றி ஒரு ஓரமாகப் பீச்சிக்கொண்டே வந்தேன். முன்பக்கம் ஒன்றுமில்லை. பின்பக்க இடது மூலைக்கு வந்ததும் எஞ்சின் சத்தம் மாறியது. கையை எடுத்தால் பழையபடி, பீச்சினால் மறுபடியும் மாறுகிறது. அங்கே காற்று உறிஞ்சுகிறது. இதைச் செய்து பார்க்கிறவர்கள் சூடான எக்ஸாஸ்ட் மேல் அந்த ஸ்பிரே படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும். பழைய வண்டிக்காரர்கள் கராஜில் எதை வாங்கியிருக்காவிட்டாலும் இதை வாங்கி வைக்க வேண்டும்.

தகட்டைக் கழற்றி, ஒரு நேர்க்கோலை வைத்துப் பார்த்தால் மூலை லேசாக வளைந்திருந்தது. நான்கு போல்ட்டையும் ஒரே மூச்சில் ஒரு பக்கமாக முறுக்கினால் இப்படித்தான் ஆகும். புதிய தகடு, புதிய பேக்கிங், குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கியது. பிரேக் பூஸ்டர் ஹோஸையும் பிசிவி வால்வு ஹோஸையும் அந்தச் சாக்கில் மாற்றிவிட்டேன். பழைய ஹோஸ் விரலால் வளைத்தவுடன் வெடிப்புகளைக் காட்டியது.

டைமிங் தாமதமாக இருந்தால் ஐடிலிங் தானாகத் தாழும். காற்று கசிந்தால் ஐடிலிங் நிலைக்காது. வண்டி சிக்னலில் நின்று நின்று போகிறதே என்று யாரோ ஐடில் ஸ்பீடு ஸ்க்ரூவைத் திருகித் திருகி ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஏற்றினால் த்ராட்டில் தகடு நிரந்தரமாகக் கொஞ்சம் திறந்தே நிற்கும். தகட்டின் விளிம்புக்கு நேரே, சுவரில் ஒரு மெல்லிய நீளத் துவாரம் இருக்கிறது. ட்ரான்ஸ்ஃபர் ஸ்லாட் என்பார்கள். ஐடிலிங்கில் அது பெரும்பாலும் தகட்டுக்கு மேலே ஒளிந்திருக்க வேண்டும். மிதிக்க ஆரம்பிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பட்டு, மெயின் ஜெட் எழுந்து வரும்வரை பெட்ரோல் கொடுப்பது அதன் வேலை. தகடு ஏற்கெனவே திறந்திருந்தால் அந்தத் துவாரம் ஐடிலிங்கிலேயே தன் கையிருப்பைக் கொட்டித் தீர்த்துவிடும். மிதிக்கும்போது புதிதாகக் கொடுக்க அதனிடம் ஒன்றும் இருக்காது. கலவை ஸ்க்ரூவைத் திருகினாலும் எஞ்சினில் மாற்றமே தெரியாது, ஏனென்றால் ஐடிலிங் இப்போது அந்த ஸ்க்ரூவின் வழியாக நடக்கவே இல்லை. இதுதான் நான் சொல்ல வந்த விஷயம். திணறல் தெரிவது கார்புரேட்டரில். ஆனால் அது சுமந்துகொண்டிருப்பது டிஸ்ட்ரிபியூட்டரின் குறையையும் அடியில் இருக்கும் தகட்டின் குறையையும்.

டைமிங்கும் கசிவும் சரியானதும் ஐடிலிங் தானாக எகிறியது. ஸ்பீடு ஸ்க்ரூவைத் தாராளமாகத் திருப்பி இறக்க முடிந்தது. அதற்குப் பிறகுதான் கலவை ஸ்க்ரூக்களுக்கு உயிர் வந்தது.

இந்த இடத்தில் பக்கத்து வீட்டுப் பெரியவரைச் சொல்ல வேண்டும். தொழிற்சாலைக்கு அச்சும் கருவியும் செய்யும் டூல் அண்ட் டை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டெட்ராய்ட் சுற்றுவட்டாரத்தில் தெருவுக்கு ஒருவராவது இப்படி இருப்பார்கள். பானெட் திறந்திருந்தால் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து காபிக் கோப்பையோடு வந்துவிடுவார். அறிவுரை சொல்லமாட்டார், கருவியைக் கொண்டுவந்து கொடுப்பார். அன்றைக்கு அவர் கொண்டுவந்தது ஒரு வேக்கம் கேஜ். கண்ணாடியில் கீறல், உள்ளே முள் மட்டும் அசையாமல் நேர்மையாக நின்றது. காதால் டியூன் செய்கிறேன் என்று சொல்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, சித்தப்பாவே அந்த ரகம்தான். ஆனால் வி8-இல் எட்டு சிலிண்டரின் சத்தம் ஒன்றை ஒன்று மூடிவிடும். கேஜ் முள் பொய் சொல்லாது.

முறை எளிது. எஞ்சின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும், சோக் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். கேஜை மேனிஃபோல்டு வேக்கம் வரும் குழாயில் மாட்ட வேண்டும். 1406-இல் ஓட்டுநர் பக்கக் குழாயில் எப்போதும் வேக்கம் இருக்கும், பயணி பக்கக் குழாயில் த்ராட்டில் திறந்தால்தான் வரும். முன்பக்கத்தில் இரண்டு கலவை ஸ்க்ரூ. இரண்டையும் மெதுவாக உட்காரும்வரை திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து ஆரம்பிக்கலாம். அழுத்தி முறுக்கினால் ஊசிமுனை கெட்டுவிடும். பிறகு ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் அதே அளவு, முள் எங்கே உச்சத்துக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு திருகலுக்கும் பிறகு சில நொடி பொறுக்க வேண்டும், இதுதான் பலருக்கு வராது. வேகம் ஏறினால் ஸ்பீடு ஸ்க்ரூவால் இறக்கிவிட்டு மறுபடியும். உச்சத்தைத் தொட்டபின் இரண்டையும் லீன் பக்கம், அதாவது கடிகாரச் சுற்றில், வேகம் சுமார் 20 ஆர்பிஎம் குறையும் அளவுக்குத் திருப்பி நிறுத்துவது எடெல்பிராக் சொல்லும் வழி. 15-இல் ஆடிக்கொண்டிருந்த முள் 18-ஐத் தாண்டி அசையாமல் நின்றபோது பெரியவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் காபியைக் குடித்தார்.

இப்போது ஓட்டிப் பார்த்தால் திணறலில் பெரும்பகுதி காணாமல் போயிருந்தது. தும்மல் சுத்தமாக இல்லை. மிச்சம் இருந்தது மிதித்த கணத்தில் ஒரு சின்னத் தயக்கம். இனிமேல்தான் பம்புக்கு முறை.

பம்பைச் சோதிக்க எஞ்சினை அணைத்துவிட்டு, ஏர் ஃபில்டரைத் தூக்கி வைத்துவிட்டு, டார்ச் அடித்துத் துளைக்குள் பார்த்தபடி கையால் த்ராட்டிலைத் திறக்க வேண்டும். முன்துளைகள் இரண்டிலும் ஒவ்வொரு பெட்ரோல் தாரை, திறக்க ஆரம்பித்த அந்தக் கணமே, ஒரே தடிமனில் வரவேண்டும். எனக்கு வலது தாரை கம்பியாக வந்தது. இடது தாரை முதலில் ஒரு சொட்டு, பிறகு கோணலாக ஒரு நூல். நாசிலைக் கழற்றி கிளீனர் விட்டு ஊதினேன். கம்பியை விட்டுக் குத்தக் கூடாது, துளை பெரிதாகிவிடும். பம்பின் அடியில் கிண்ணம் மாதிரி ஒரு ரப்பர் இருக்கும். அதன் உதடு விறைத்துப் போயிருந்தது, மாற்றினேன். பம்ப் கையில் மூன்று துளைகள். இணைப்புக் கம்பியை கையின் ஆணிக்குப் பக்கத்தில் இருக்கும் துளைக்கு மாற்றினால், அதே மிதிப்புக்குப் பம்ப் அதிக தூரம் இறங்கும், பீச்சு கூடும். ஒரு துளை மாற்றிப் போட்டேன். கம்பியில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். த்ராட்டில் அசைந்த பிறகு பம்ப் அசைந்தால், எவ்வளவு பெட்ரோல் அடித்தும் பிரயோசனமில்லை. அளவைவிட நேரம்தான் இங்கே முக்கியம்.

மூடியைத் திறந்த கையோடு, உள்ளே பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையான ஃபுளோட்டின் உயரத்தையும் பார்த்துவிடலாம். மூடியைத் தலைகீழாகப் பிடித்து, பேக்கிங்குக்கும் ஃபுளோட்டின் நுனிக்கும் நடுவே 7/16 அங்குலம். அதற்கென்று கேஜ் தேட வேண்டாம், 7/16 ட்ரில் பிட்டை நடுவில் நுழைத்துப் பார்த்தால் போதும்.

இந்தக் கார்புரேட்டரில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. மேலே இரண்டு சின்னத் தகட்டு மூடிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு ஸ்க்ரூ. தளர்த்தி மூடியை நகர்த்தினால் ஒரு குட்டி பிஸ்டன் தானாக மேலே எழும்பி வரும். அதோடு தொங்கிக்கொண்டு ஒரு பித்தளை ஊசி. பிஸ்டனுக்கு அடியில் பேனா ஸ்பிரிங் அளவில் ஒரு ஸ்பிரிங். அவ்வளவுதான், கார்புரேட்டரைக் கழற்றவே வேண்டாம். ஊசி மெயின் ஜெட்டுக்குள் இறங்கி நிற்கும். 1406-இல் ஜெட்டின் துளை 0.098 அங்குலம். ஊசியின் தடித்த பகுதி 0.075, நுனிப்பகுதி 0.047. சமமான சாலையில் சும்மா போகும்போது மேனிஃபோல்டு வேக்கம் பிஸ்டனைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும், தடித்த பகுதி ஜெட்டை அடைத்துப் பெட்ரோலைக் குறைக்கும். மிதித்தால் வேக்கம் விழும், ஸ்பிரிங் ஜெயிக்கும், ஊசி எழும்பும், மெல்லிய நுனி மட்டும் ஜெட்டில் நிற்கப் பெட்ரோல் தாராளமாகப் போகும். கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் இல்லாமல் வண்டியின் பாரத்தைக் காற்றழுத்தம் அறிந்து ஒரு ஸ்பிரிங் முடிவெடுக்கிறது. இதே வேலையைச் செய்ய எங்கள் அலுவலகத்தில் எத்தனை கூட்டம் போடுவோம் என்று சொன்னால் என்னை வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள்.

ஸ்பிரிங்குகளுக்கு நிறம் உண்டு. நீலம் 3 பாதரச அங்குலத்தில் எழும்பும், மஞ்சள் 4, ஆரஞ்சு 5, பிங்க் 7, நிறமில்லாதது 8. என்னுடையதில் இருந்தது ஆரஞ்சு. 1406-ஐ எடெல்பிராக்கே சிக்கனத்துக்காக செட் செய்து விற்பதாகத்தான் சொல்கிறது, அதே 600 கன அடியில் வேகத்துக்கு 1405 என்று தனியாக ஒன்று இருக்கிறது. ஆரஞ்சு இருந்தால் வேக்கம் 5 வரை விழுந்த பிறகுதான் கூடுதல் பெட்ரோல் வரும். பிங்க் போட்டால் 7-இலேயே வந்துவிடும். எம்-59 நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவில், பின்னால் மரப்பலகை ஏற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஆரஞ்சில் அரை மிதிப்பில் ஒரு மந்தம் இருந்தது. பிங்க்கில் அது இல்லை. அதிகப்பட்சமாக நிறமில்லாததையும் போட்டுப் பார்த்தேன், பிங்க்குக்கும் அதற்கும் என் காலுக்கு வித்தியாசம் தெரியவில்லை, அதனால் பிங்க்கே நின்றுவிட்டது. ஜெட்டையும் ஊசியையும் தொடவே இல்லை.

எத்தனாலைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்தது. சுத்தமான பெட்ரோல் ஒரு பங்கு முழுதாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும், இந்தக் கலப்புக்கு 14.1 போதும். கம்ப்யூட்டர் உள்ள வண்டி தானாகச் சரிசெய்துகொள்ளும், கார்புரேட்டருக்கு அந்த வித்தை தெரியாது. ஜெட் அதே அளவு ஊற்றும், வண்டி 4 சதவீதம் லீனாக ஓடும். ஏற்கெனவே சிக்கனமாக செட் செய்த கார்புரேட்டரில் அந்த 4 சதவீதம்தான் தயக்கமாகத் தெரியும். பழைய ரப்பருக்கும் இது ஆகாது. இந்தியாவில் இப்போது 20 சதவீதத்துக்குப் போய்விட்டார்கள். வீட்டில் பழைய ஜீப்போ, 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வருவதற்கு முந்தைய கார்புரேட்டர் பைக்கோ வைத்திருப்பவர்கள் பெட்ரோல் ஹோஸையும் டயஃப்ரத்தையும் ஒரு தடவை விரலால் தொட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

கார்புரேட்டர் எதையும் சகித்துக்கொள்ளும் என்பதும் உண்மைதான். 1990-களில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் பழைய ஆஸ்டின், மொரிஸ் கார்களைக் கொஞ்சம் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்துவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டியிருக்கிறார்கள். எஞ்சின் சூடானால் மண்ணெண்ணெயும் ஆவியாகும், அவ்வளவுதான் சூத்திரம். அந்த மெக்கானிக்குகள் யாராவது என் வண்டியின் அரை நொடித் தயக்கத்தைக் கேள்விப்பட்டால் சிரித்திருப்பார்கள்.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் கிட் போட்டுவிடலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. போடலாம், நல்ல கிட்டுகள் இருக்கின்றன, கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே உட்காரும். ஆனால் என் எஞ்சினின் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் கொடுக்கும் அழுத்தம் 5, 6 பிஎஸ்ஐ. அந்த கிட்டுகள் கேட்பது அதைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு. எலெக்ட்ரிக் பம்ப், டேங்குக்குத் திரும்பும் பைப், எக்ஸாஸ்டில் ஆக்சிஜன் சென்சார் என்று பட்டியல் நீளும். வளைந்த அடாப்டர் தகட்டின் மேல் அதை உட்கார வைத்தாலும் காற்றுக் கசியத்தான் போகிறது, 2 டிகிரி டைமிங்கில் அதுவும் முக்கத்தான் போகிறது.

பாக்கி இருப்பது சோக். இரவெல்லாம் வெளியே நின்ற வண்டியைக் காலையில் எடுத்தால் முதல் இரண்டு தெருவுக்கு லேசாக இழுத்து விடுகிறது. கறுப்பு மூடியின் மூன்று ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஒரு கோடு ரிச் பக்கம், அதாவது பெட்ரோல் கூடும் பக்கம், திருப்பினால் சரியாகும் என்று நினைக்கிறேன். ஆனால் இப்போது ஜூலை. சோக்கைக் குளிர்ந்த எஞ்சினில், குளிர்ந்த காலையில்தான் செட் செய்ய வேண்டும், வெயிலில் செய்தால் அக்டோபரில் மறுபடியும் செய்ய வேண்டிவரும். முதல் உறைபனி விழட்டும், பார்த்துக்கொள்ளலாம்.